புள்ளி எடுக்கும் கை தெருவில் காக்குமா?

2024 ஜனவரியில் தமிழ்நாட்டில் நடந்த கேலோ இந்தியா இளைஞர் விளையாட்டுப் போட்டியில் சிலம்பம் காட்சி விளையாட்டாக இடம்பெற்றது. அரசு வேலைக்கான 3 சதவீத விளையாட்டு ஒதுக்கீட்டிலும் அது உண்டு. திண்டிவனத்தில் பிள்ளையைச் சிலம்பத்துக்கோ கராத்தேவுக்கோ அனுப்பும் பெற்றோருக்குச் சான்றிதழ் ஒரு கண் என்றால் தற்காப்பு இன்னொரு கண். போட்டிக்குப் பழகிய கை ஆபத்தில் உதவாது என்பவர்கள் டோக்கியோ ஒலிம்பிக்கைக் காட்டுவார்கள். கராத்தே இறுதிப் போட்டி ஒன்றில் முன்னிலையில் இருந்த சவூதி வீரர் தாரெக் ஹமெதி, தலையில் விட்ட உதையால் ஈரானின் சஜாத் கஞ்ஜாதேவை மயங்கி விழவைத்தார். வரம்பு மீறிய அடி என்று ஹமெதி தகுதிநீக்கம் செய்யப்பட்டார். தங்கம் விழுந்தவருக்குப் போனது. விதி வினோதமானதுதான். ஆனால் ஆளைச் சாய்த்த அந்தக் கால், அதே விதிகளுக்குள் வளர்ந்த கால்.

இதற்கு மாறாக, விதியே இல்லாமல் கண்ணைக் குத்து, வர்மத்தில் தட்டு என்று சொல்லித்தரும் வகுப்பில் அந்த அடியை யார் மீதும் முழு வேகத்தில் போட்டுப் பார்க்க முடியாது. 1882-ல் ஜூடோவைத் தொடங்கிய ஜிகோரோ கானோ ஆபத்தான அடிகளை ஒதுக்கிவிட்டு, மீதியை எதிர்த்துத் திமிறும் ஆளிடமே பழகவைத்தார். சிலம்பத்திலும் தனியாகக் கம்பு சுற்றுவது கண்ணுக்கு அழகு. ஆனால் எதிராளியைக் கம்பால் தொட்டுப் புள்ளி எடுக்கும் தொடுமுறையில், அவர் கம்பு நெற்றிக்கு வரும்போது கால் பின்னால் போகிறதா, பக்கவாட்டில் விலகுகிறதா என்பதில்தான் தூரக்கணக்கு தேறுகிறது.

போட்டி சொல்லித்தராதது ஒன்று உண்டு. களத்தில் நடுவர் சைகை காட்டிய பிறகே மோதல். பெண்பிள்ளைக்கு வரும் ஆபத்தோ பல நேரம் தெரிந்த முகத்தோடு, சாதாரணப் பேச்சில் தொடங்குகிறது. கனடாவில் 893 மாணவியரிடம் நடந்து 2015-ல் வெளியான ஆய்வில், 12 மணி நேர வகுப்பு பெற்றவர்களில் ஓராண்டுக்குள் வல்லுறவுக்கு ஆளானோர் 5.2 சதவீதம், கையேடு மட்டும் பெற்றவர்களில் 9.8. அந்த வகுப்பில் அடிமுறை ஒரு பகுதி மட்டுமே. ஆபத்தை முன்கூட்டியே இனங்காண்பதும், தெரிந்தவனாயிற்றே என்ற தயக்கத்தை உடைத்து உரக்க மறுப்பதும்தான் மீதி.

அரசுப் பள்ளி மாணவியருக்கான மூன்று மாதத் தற்காப்புப் பயிற்சியில் யாரும் வீராங்கனை ஆகிவிட முடியாது என்பது நியாயமான ஆட்சேபம். ஆகவேதான் அந்தக் கொஞ்ச நேரத்தை வரிசையில் நின்று காற்றைக் குத்துவதில் கரைக்கக் கூடாது. இறுகப் பிடித்த கையிலிருந்து திமிறி விடுபடவும், கத்தவும், ஓடவும், குழந்தைகள் உதவி எண் 1098-ஐ அழைக்கவும் முதல் வகுப்பிலேயே பழக்கத் தொடங்க வேண்டும்.