எண்ணிக் கேட்கும் இடி

ஐப்பசி பிறந்துவிட்டால் மண்டபம் என்ற ஊரில் ராத்திரி வேடிக்கைக்குப் பஞ்சமில்லை. வடக்கே பாக் விரிகுடா, தெற்கே மன்னார் வளைகுடா, நடுவே ஒடுங்கிய நிலம். எந்தப் பக்கம் மின்னினாலும் மறைக்க ஒரு குன்றுகூடக் கிடையாது. தொலைதூர மின்னலுக்குச் சத்தமே இருக்காது. மேலே போகப் போகக் காற்று குளிர்வதால் ஒலி மேல்நோக்கி வளைந்து நம் தலைக்கு மேலாகப் போய்விடுகிறது. 20, 25 கிலோமீட்டர் தாண்டினால் பெரும்பாலும் காதுக்கு எட்டாது. மேகம் மட்டும் உள்ளுக்குள் வெளுத்து வெளுத்து அணையும்.

கிட்டத்தில் விழுவது வேறு ரகம். முதலில் கோடித்துணியைக் கிழிக்கிற மாதிரி ஒரு சடசடப்பு, அப்புறம் ஜன்னல் கம்பி அதிர ஒரே அடி. சில சென்டிமீட்டர் தடிமனே உள்ள பாதையில் காற்று கண்ணிமைப்பதற்குள் சுமார் 30,000 டிகிரி செல்சியஸுக்குச் சூடேறி விரிகிறது. அந்த விரிவுதான் இடி. பாதையோ கோணல்மாணலாகக் கிலோமீட்டர் கணக்கில் நீளம். அருகிலுள்ள பகுதியின் ஓசை முந்தி வர, மேகத்துக்குள் இருக்கும் பகுதியின் ஓசை பிந்தி வருகிறது. அதனால்தான் நொடிக்குள் முடிந்த மின்னலை இடி அவசரமில்லாமல் உருட்டி உருட்டிச் சொல்கிறது. மின்னியதும் எண்ணத் தொடங்கலாம்: 3 நொடிக்கு ஒரு கிலோமீட்டர். 30 எண்ணுவதற்குள் சத்தம் வந்துவிட்டால் வெளியே நிற்கக் கூடாது. கட்டடத்துக்குள் போய் மிச்சத்தைக் கேட்கலாம். அங்கேயும் ஓசை எட்டும்.