பதித்த கெப்புக்குக் கட்டை ஷொக் போதுமா?

கம்பளையிலிருந்து புசல்லாவை, றம்பொடை வழியாக நுவரெலியாவுக்கு ஏறும் ஏ5 பாதையில் பின்பக்கம் பதித்த கெப் வண்டிகள் ஓடுகின்றன. இந்த அழகு தாய்லாந்துக் காற்றில் வந்தது. ஹைலக்ஸும் டி-மெக்ஸும் பெருமளவில் அங்கேதான் தயாராகின்றன. அவற்றைத் தரையோடு தரையாக இறக்கி ஓட்டுவதை அங்குள்ள இளைஞர்கள் ஒரு கலையாகவே வளர்த்துவிட்டார்கள். நம் நாட்டில் 2020 மார்ச்சில் நிறுத்திய வாகன இறக்குமதி, தனியார் வண்டிகளுக்கு 2025 பெப்ரவரியில்தான் மறுபடி திறந்தது. இடைப்பட்ட காலத்தில் பழைய கெப்புகளே கைமாறி ஓடின. ஆகவே பதித்தவர் ஒருவர், கோவாவும் கரட்டும் ஏற்றுகிறவர் இன்னொருவர். குழியில் விழும்போதெல்லாம் பின்னால் இடி இடித்தால் கராஜுக்கு வந்து கேட்கிறார்: “அண்ணே, பின் ஷொக்க மாத்தினா சரியாகுமா?” கேள்வி நியாயமானது. “கட்டை ஷொக் போட்டா சரி” என்று கிடைக்கும் பதிலைத்தான் நிறுத்துப் பார்க்க வேண்டும்.

பதிப்பதை ஆதரிப்பவர்களின் வலுவான வாதம் முதலில். எடை மையம் தாழ்ந்தால் வளைவில் வண்டி சாய்வது குறையும் என்கிறார்கள். உண்மைதான். இடது வலது சக்கரங்களுக்கு இடைத்தூரம் 1500 மில்லிமீற்றர், எடை மையம் தரையிலிருந்து 700 மில்லிமீற்றர் என்று ஓர் உதாரணம் வைத்துக்கொள்வோம். வண்டி முழுவதையும் 50 மில்லிமீற்றர் இறக்கினால் புரளாமல் நிற்கும் திறன் ஏறத்தாழ 8 வீதம் கூடுகிறது. றம்பொடை வளைவுகளில் அது சின்ன விடயமல்ல. ஆனால் இந்தக் கணக்கு ஸ்பிரிங் தன் வேலையைச் செய்துகொண்டிருக்கும் என்ற நம்பிக்கையில் நிற்கிறது. பின்பக்கத்தை மட்டும் பதித்த வண்டிக்கு அந்த ஆதாயமும் பாதிதான்.

பதிக்கும் முறைகள் எல்லாம் ஒன்றல்ல. பின் ஸ்பிரிங்கின் அடுக்குப் பட்டைகளில் ஒன்றிரண்டைக் கழற்றிவிடுவது மலிவான வழி. ஸ்பிரிங்கும் அதே அளவுக்கு மெலிகிறது. பட்டையைச் சூடாக்கித் தட்டி நிமிர்த்துவது அதைவிட மோசம், உருக்கின் பதம் போய்விடும். பட்டை அக்சிலுக்கு மேலே இருக்கும் வண்டியில் அக்சிலைத் தூக்கிப் பட்டைக்கு மேலே கட்டுவது மூன்றாவது. ஸ்பிரிங்கின் பலம் அப்படியே இருக்கும், ஆனால் பல அங்குலம் ஒரேயடியாக இறங்குவதால் அக்சில் சசியில் இடிக்கும், சசியை வெட்டி இடம் செய்ய வேண்டி வரும். பட்டை அக்சிலுக்குக் கீழே இருக்கும் வண்டியில் இடையே இரும்புக் கட்டை வைத்து இறக்குவதுதான் இவற்றுள் ஓரளவு நேர்மையான வழி. எந்த ஷொக் என்பது இதற்குப் பிறகு வரும் கேள்வி. பட்டை கழற்றிய வண்டிக்கும் கட்டை வைத்த வண்டிக்கும் ஒரே ஷொக்கைக் கொடுக்கிறவர் வண்டிக்குக் கீழே குனிந்து பார்க்காதவர்.

ஷொக் பாரம் சுமப்பதில்லை. அக்சில் மேலும் கீழும் போகும் வேகத்தை எண்ணெயின் தடையால் அடக்குவதே அதன் வேலை. மேல்முனை சசியிலும் கீழ்முனை அக்சிலிலும் பூட்டியிருப்பதால், வண்டி இறங்கினால் இரண்டுக்கும் நடுவே தூரம் குறைகிறது. பழைய ஷொக்கையே விட்டால், சுருங்க வேண்டிய இடத்தில் பாதி ஏற்கனவே தீர்ந்திருக்கும். அடுத்த குழியில் உள்ளே இருக்கும் பிஸ்டன் அடியில் இடிக்கும். ஷொக் முனையின் கண்ணில் பூட்டிய புஷ் கிழியும் அல்லது எண்ணெய் கசியும். அந்த அளவில் கட்டை ஷொக் வேண்டும் என்பது சரியே. எவ்வளவு கட்டை என்பதைக் கடையில் கேட்டு அறிய முடியாது. அக்சில் சசியில் இடிக்காமல் தடுக்கும் முட்டு ரப்பர் முழுதாக அமுங்கிய நிலையில் ஒரு தடவை, அக்சில் தொங்கும் நிலையில் ஒரு தடவை, கண்ணுக்குக் கண் அளக்க வேண்டும். முழுதாகச் சுருங்கிய ஷொக் முதல் அளவைவிடக் குறைந்தது 10 மில்லிமீற்றர் கட்டையாகவும், முழுதாக நீண்ட ஷொக் இரண்டாம் அளவைவிட நீளமாகவும் இருந்தால்தான் அது அந்த வண்டிக்கு உரியது.

அளக்காமல் சமாளிக்கும் வழியொன்று உண்டு: நீளமான ஷொக்கையே சரித்துப் பூட்டுவது. நிமிர்ந்து நின்றபோது கொடுத்த அடக்கத்தில் 30 பாகை சாய்ந்தால் முக்கால் பங்கு மிஞ்சும், 45 பாகை சாய்ந்தால் பாதிதான் மிஞ்சும். இறுக்கமான ஷொக்கைப் போட்டு அதை ஈடுகட்டலாம் என்பவர்கள் தோட்டப் பாதையை மறந்துவிடுகிறார்கள். கல் பரவிய பாதையில் ஒரு மேட்டுக்கும் அடுத்ததற்கும் இடையே ஷொக் நீள நேரம் கிடைப்பதில்லை. இறுக்கமான ஷொக் ஒவ்வொரு மேட்டிலும் கொஞ்சம் கொஞ்சமாகப் பின்பக்கத்தைக் கீழே இழுத்துக்கொண்டே போகும். ஏற்கனவே பதிந்த வண்டி ஓட ஓட இன்னும் பதியும்.

இனிப் பாரம். ஒரு பக்கத்து ஸ்பிரிங் ஒரு மில்லிமீற்றர் இறங்க 4 கிலோ வேண்டும் என்று வைப்போம். 600 கிலோ மரக்கறி ஏற்றினால் அது பெரும்பாலும் பின் அக்சிலில்தான் உட்காரும். பக்கத்துக்கு 300 கிலோ, அதாவது 75 மில்லிமீற்றர் இறக்கம். முட்டு ரப்பருக்கு முதலில் 100 மில்லிமீற்றர் இடம் இருந்தால் தொழிற்சாலையிலிருந்து வந்த வண்டிக்கு இன்னும் 25 மிஞ்சும். 50 பதித்த வண்டி ஓட்டத்தைத் தொடங்கும் முன்னரே ரப்பரில் உட்கார்ந்துவிடும். அந்த நிலையில் வளைவில் போனால், வெளிப்பக்கச் சக்கரத்துக்கு ஸ்பிரிங் என்ற ஒன்றே இல்லை. பின் டயரின் மீது பாரம் திடீரென ஏறி, ஈரத் தார்ப்பாதையில் வால் வெளியே வழுக்கும். எந்த விலை ஷொக்கும் இதைத் தீர்க்காது, ஏனென்றால் ஷொக் வேலை செய்ய அக்சில் அசைய வேண்டும்.

இதைவிட எனக்குக் கவலை தருவது, அநேகமாக யாரும் பேசாத ஒரு சிறு கம்பி. பல கெப்புகளில் பின் பிரேக்கின் அழுத்தத்தைப் பாரத்துக்கேற்பக் கூட்டிக் குறைக்கும் ஒரு வால்வு சசியில் இருக்கிறது. அதிலிருந்து ஒரு கம்பி அக்சிலுக்குப் போகிறது. சசி அக்சிலை நெருங்கினால் பாரம் ஏறியிருக்கிறது என்று அந்த வால்வு எடுத்துக்கொள்ளும். பதித்த வண்டி வெறுமையாக இருந்தாலும் நெருங்கியே இருக்கிறது. ஆகவே பாரம் இறக்கிவிட்டு வரும் வெறும் வண்டியில், இதே பாதையில் லபுக்கலையிலிருந்து மழையில் கீழே இறங்கும்போது, பின் சக்கரங்களே முதலில் பூட்டிக்கொள்ளும். 2025 மே 11 அன்று அதே பாதையில் கெரண்டியெல்லவில் பள்ளத்தில் வீழ்ந்த பஸ்ஸில் 20க்கும் மேற்பட்டோர் மாண்டனர். அந்தத் துயரத்துக்கும் பதித்தலுக்கும் தொடர்பில்லை. ஆனால் இந்தச் சரிவில் ஓரம் தப்பினால் என்ன ஆகும் என்பதை நாம் அறிவோம். அதே ஆண்டு நவம்பர் இறுதியில் டித்வா புயல் கொண்டுவந்த மண்சரிவுகள் மலைப் பாதைகளைச் சிதைத்த பிறகு, அடி உயரம் குறைந்த வண்டிக்குச் சாதகமாகச் சொல்ல இன்னும் குறைவாகவே இருக்கிறது.

கராஜில் செய்யும் பரிசோதனையும் ஏமாற்றும். பின்பக்கத்தை அமுக்கி விட்டு, ஒரே ஆட்டத்தில் நின்றால் ஷொக் நல்லது என்கிறார்கள். சுருள் ஸ்பிரிங் காரில் அது ஓரளவு பொருந்தும். ஆனால் கெப்பில் அடுக்குப் பட்டைகள் ஒன்றோடொன்று உரசுவதாலேயே வண்டி நின்றுவிடும். ஷொக் செத்திருந்தாலும் அப்படித்தான் நிற்கும். கழற்றிக் கையால் இழுத்து நீட்டிப் பார்ப்பதே நம்பத்தக்கது.

ஆகவே என் தீர்ப்பு இரண்டாகப் பிரிகிறது. பாரம் ஏற்றாமல், தார்ப்பாதையில் மட்டும் ஓடும் கெப்பை இரும்புக் கட்டை வைத்து 40 மில்லிமீற்றர்வரை பதிக்கலாம். அளந்து வாங்கிய கட்டை ஷொக், வெட்டி எறியாத முட்டு ரப்பர், புது உயரத்துக்குச் சரிசெய்த பிரேக் கம்பி மூன்றும் சேர்ந்திருந்தால் அதை நான் குறை சொல்லமாட்டேன். மரக்கறியோ கொழுந்தோ உரமோ ஆட்களோ ஏற்றும் கெப்பை இந்த மலைப் பக்கத்தில் பதிக்கவே கூடாது. பதித்த ஒன்றைப் பாரம் ஏற்ற வாங்கிவிட்டவர் ஷொக்கில் காசைப் போடக்கூடாது. கழற்றிய பட்டையைத் திரும்பப் போட்டு, யூ போல்ட்டைப் புதிதாக மாற்றி, பிரேக் கம்பியைப் பழைய அளவுக்குக் கொண்டுவர வேண்டும். அப்போது அந்த வண்டிக்குத் தொழிற்சாலை குறித்த சாதாரண நீள ஷொக்கே பொருந்தும், பெரும்பாலும் அது கட்டை ஷொக்கைவிட மலிவாகவும் கிடைக்கும்.