மாத நாவலும் ஊடல் மரபும்

இலக்கியத் திறனாய்வு சிறந்த நூல்களையே பொருளாகக் கொள்ளல் வேண்டும் என்பார் உளர். அவர் கூற்றில் ஒரு பாதி உண்மை உண்டு. ஆயின், ஒரு மொழியில் மிகப் பலர் விரும்பிப் படிக்கும் நூல்களை, அவர்கள் ஏன் விரும்புகின்றனர் என்று வினவாமலே ஒதுக்கிவிடுதல் திறனாய்வு ஆகாது. தமிழில் திங்கள்தோறும் வெளிவரும் காதற்புதினங்கள் இங்ஙனம் ஒதுக்கப்பட்டவை. மக்கள் இவற்றை ‘மாத நாவல்’ என்று வழங்குவர். தமிழ்த்துறைகளில் இவை பற்றிய பேச்சு எழுந்தால், ‘பொழுதுபோக்கு’ என்னும் ஒரு சொல்லோடு அது முடிந்துவிடுகிறது. அப்பொழுது யாருடைய பொழுது, அஃது எங்ஙனம் போகிறது என்பதை வினவுவார் இலர். அவ்வினாவை நாம் வாழும் சின்ன காஞ்சிபுரத்தில் நின்று எழுப்பி, அகப்பொருள் மரபைத் துணையாகக் கொண்டு விடை காண முயல்வாம்.

மாத நாவலின் வரவு

தமிழ்ப் பெண்டிர் புதினம் படிக்கும் பழக்கம் நேற்றுத் தோன்றியதன்று. 1925 முதல் ஜகன்மோகினி இதழை நடத்திய வை. மு. கோதைநாயகி அம்மாள் நூற்றுக்கு மேற்பட்ட புதினங்களை எழுதினார். லக்ஷ்மி என்னும் புனைபெயரில் எழுதிய மருத்துவர் திரிபுரசுந்தரி, ‘ஒரு காவிரியைப் போல’ என்னும் புதினத்துக்காக 1984-இல் சாகித்திய அகாதெமிப் பரிசு பெற்றார். 1969-இல் தொடங்கிய ராணிமுத்து, திங்கள்தோறும் ஒரு புதினத்தைக் குறைந்த விலையில் அளித்து, மாத நாவல் என்னும் வடிவத்தை ஊர்தோறும் பரப்பியது. இவ்வழியில் தமக்கெனப் பெரும் படிப்போர் கூட்டத்தைப் பெற்றவர் ரமணிசந்திரன். 150-க்கும் மேற்பட்ட புதினங்களை எழுதியுள்ள இவருடைய படைப்புகளே இவ்வகைக்குத் தலையாய எடுத்துக்காட்டாகும்.

இங்கிலாந்திலும் இவ்வகை ஏறத்தாழ இவ்வாறே வளர்ந்தது. 1908-இல் இலண்டனில் தொடங்கப்பெற்ற மில்ஸ் அண்டு பூன் பதிப்பகம் முதலில் பல துறை நூல்களையும் வெளியிட்டது. 1930-களில் காதற்புதினங்களில் முனைந்து நின்றது. அவற்றை வாங்கிப் பரப்பியவை வாடகை நூல்நிலையங்கள். நம் நாட்டிலும் வாடகை நூல்நிலையங்களே மாத நாவலை அடுக்களை வரை கொண்டு சென்றன. இன்று இத்தகைய கதைகளைக் கைப்பேசியிற் படிப்பாரும் பலர். ஏடு மாறினும் கதை பெரிதும் மாறவில்லை.

அக்கதைப்போக்கு யாவரும் அறிந்ததே. தலைவி வறியவள், குடும்பச் சுமையைத் தாங்குபவள், தன்மானம் மிக்கவள். தலைவன் செல்வன், பெருந்தொழில் நடத்துபவன், சினமும் செருக்கும் உடையவன். பணியிடத்திலோ, கட்டாயத்தால் நிகழ்ந்த திருமணத்திலோ இருவரும் எதிர்ப்படுகின்றனர். அவள் பொருளை நாடி வந்தவள் என அவன் ஐயுறுகின்றான். அவ்வையத்தை வளர்க்க மூன்றாமவர் ஒருவரும் உளர். இறுதியில் ஐயம் நீங்குகிறது, தலைவன் நெஞ்சைத் திறந்து பேசுகின்றான், கதை முடிகிறது. எல்லாப் புதினங்களும் இவ்வச்சில் வார்க்கப்பட்டவை என்று நாம் கூறவில்லை. ஆயினும், படிப்போர் எதிர்நோக்கி அமர்வது இவ்வச்சையே எனலாம்.

ஒரே கதை என்னும் குற்றம்

‘ஒரே கதையை எத்தனை முறை எழுதுவது?’ என்பது இவற்றின்மீது சாற்றப்படும் முதற் குற்றம். தமிழ் கற்றார் இக்குற்றத்தைச் சாற்றுதல் வியப்புக்குரியது. அகத்திணைத் தலைமக்களுக்கு இயற்பெயர் இல்லை. அவர் கண்டதும், கூடியதும், பிரிந்ததும், ஊடியதும் துறைகளாக வகுக்கப்பட்டுள்ளன. புலவர் பலர் அத்துறைகளுக்குள் நின்றே பாடினர். திருக்கோவையார் 400 பாடல்களையும் 25 கிளவிக்கொத்துகளையும் உடையது. அடுத்து வரும் கிளவி யாதென அறிந்தே நாம் அதனைப் பயில்கின்றோம். அறிந்திருப்பதால் சுவை குறைவதில்லை. கதை புதிதாதல் வேண்டும் என்பது எல்லாக் காலத்துக்கும் உரிய விதியன்று.

சின்ன காஞ்சிபுரத்து நெசவாளர்க்கு இதனை விளக்கவும் வேண்டா. பட்டுச்சேலையின் உடலும் கரையும் வேறு வேறு நிறமாக அமையுமாறு ஊடையைக் கோத்து நெய்வதைக் ‘கோர்வை’ என்பர். கரைக்குரிய நாடாவைச் செலுத்தத் தறியில் இரண்டாமவர் ஒருவரும் உடனமர்தல் மரபு. மயிலும் அன்னமும் உருத்திராக்கமும் கரைகளில் வழிவழியாக வருபவை. ‘பழைய உருவன்றோ’ என்று எவரும் சேலையை இழிப்பதில்லை. நெய்த கையின் திறத்தையே நோக்குவர். ஆகவே, மாத நாவல் சொன்னதையே சொல்கிறது என்பது குற்றமாகாது. மீண்டும் மீண்டும் சொல்லப்படுவது யாது என்பதே ஆராயத் தக்கது.

இறங்கி வருதல்

நம் தெருவுக்கு அடுத்த தெருவில், இராட்டினத்தில் பட்டு இழைக்கும் பெண்மணி ஒருவர் பல ஆண்டுகளாக மாத நாவல் படித்து வருகின்றார். முடிவு தெரிந்த கதையைப் படிப்பதில் என்ன இன்பம் என்று அவரை வினவினோம். அவர் கூறிய விடையை அவர் சொற்களிலேயே தருதும்: “கடைசிப் பக்கத்த மொதல்ல பாத்துடுவேன் சார். அவன் எறங்கி வந்துட்டானான்னு தெரிஞ்சுட்டா, அப்புறம் நிம்மதியா முன்னாலேருந்து படிப்பேன்.”

இவ்விடையை நாம் முதலில் எளிதாகக் கொண்டோம். பின்னர் எண்ணியபோதுதான் அதன் நுட்பம் புலனாயிற்று. ‘சேர்ந்துவிட்டார்களா’ என்று அவர் பார்ப்பதில்லை. ‘இறங்கி வந்துவிட்டானா’ என்றே பார்க்கின்றார். மாத நாவல் பலவற்றில் திருமணம் கதைத் தொடக்கத்திலேயே நிகழ்ந்துவிடுகிறது. ஆகவே, படிப்போர் காத்திருப்பது மணத்துக்காக அன்று என்பது தெளிவு. தலைவன் செல்வன் ஆதலின் அச்செல்வத்துக்காக என்று கூறுவதும் பொருந்தாது. மணம் நிகழ்ந்த அன்றே செல்வமும் வந்துவிடுகிறதன்றோ? பின், எதற்காகக் காத்திருக்கின்றனர்?

அவன் பேச்சுக்காகவே காத்திருக்கின்றனர். கதை முழுதும் தலைவன் காரணம் கூறாது செயல்படுபவன். சினந்தான், ஏன் என்று சொல்லவில்லை. அருகில் வந்தான்; விலகிப் போனான்; இரண்டுக்கும் விளக்கமில்லை. இறுதி இயலிலோ அவன் பின்னோக்கிப் பேசுகின்றான். அன்று வந்தது இதனால், அன்று சினந்தது இதனால், அன்று வாய் திறவாமல் இருந்தது இதனால் என ஒவ்வொரு நாளையும் எடுத்துக் கணக்கு ஒப்புவிக்கின்றான். யாருக்கும் விடை சொல்லிப் பழகாத ஒருவன் ஒரு பெண்ணுக்கு விடை சொல்கின்றான். மாத நாவலின் கவர்ச்சி இவ்விடத்தில் உள்ளது என்பது நம் துணிபு.

இக்கவர்ச்சி ஏன் இத்துணை வலிமை உடையது என்பதற்கு விடை நூலுக்கு வெளியே இருக்கிறது. நெசவு வீட்டில் பட்டு இழைத்தலும் தார் சுற்றுதலும் பெரும்பாலும் பெண்டிர் பணி. சேலை முடிந்தபின் கூலி தறிக்கு உரியவர் கையிற் சேர்கிறது. எவ்வளவு வந்தது, எவ்வளவு முன்பணத்திற் கழிந்தது என்னும் கணக்கு இழைத்தவர் செவிக்கு எட்டாத வீடுகளும் உள. இது நெசவாளர்க்கே உரிய குறை என்று எவரும் கருதற்க. நம் இல்லத்திலும் இப்புதினங்கள் தலையணையடியில் கிடந்தன. நாமும் நகைத்தது உண்டு. பணி மாற்றத்தையும் வீடு மாற்றத்தையும் முடிவு செய்த பின்னரே இல்லத்தார்க்கு அறிவித்து வந்தோம் என்பதை நகைத்த அந்நாளில் நாம் எண்ணிப் பார்க்கவில்லை.

அமெரிக்க ஆய்வாளர் ஜானிஸ் ராட்வே, காதற்புதினம் படிக்கும் பெண்டிரை நேரிற் கண்டு ஆராய்ந்து 1984-இல் ஒரு நூல் வெளியிட்டார். படிப்பது தமக்கென ஒதுக்கிக்கொண்ட நேரம் என்று அப்பெண்டிர் கூறினர். முடிவை முதலிற் பார்த்துவிடும் வழக்கமும் அவருட் சிலரிடம் இருந்தது. எல்லாரையும் பேணும் பெண்ணைப் பேணுவார் இல்லை. அக்குறையைக் கதைத்தலைவனின் பரிவு நிரப்புகிறது என்பது ராட்வே கண்ட முடிவுகளுள் ஒன்று. அது நன்று. ஆயினும், தமிழ் மாத நாவலுக்கு அது முற்றும் பொருந்துமா என்பது ஐயம். இங்குத் தலைவியைப் பேணத் தாயோ பாட்டியோ தோழியோ கதையில் பெரும்பாலும் உளர். அவளுக்குக் கிடைக்காதது அவன் விளக்கமே.

ஒப்பும் மிக்கோனும்

தலைமக்களிடையே இருத்தற்குரிய ஒப்புமைகள் பத்து எனத் தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் வகுத்தார். பிறப்பு, ஆண்டு, உருவு முதலியவற்றோடு திருவும் அவற்றுள் ஒன்று. களவியலிலோ, தலைவன் மிக்கவனாயினும் தடையில்லை என ஒரு விலக்கு அளித்தார். மாத நாவல் இவ்விலக்கையே விதியாக்கிக்கொண்டது. அதன் தலைவன் எப்போதும் மிக்கோன். ஆயின், மிக்கோனை மிக்கோனாகவே விட்டுவிட அதற்கு மனமில்லை. இழந்த ஒப்பை இறுதியில் மீட்க முயல்கிறது. திருவால் வாராத ஒப்பு, அவன் செருக்கு அழிவதால் வருகிறது. 1740-இல் சாமுவேல் ரிச்சர்ட்சன் எழுதிய பமீலா என்னும் ஆங்கிலப் புதினத்திலும் பணிப்பெண்ணின் உறுதிக்குமுன் வீட்டுத் தலைவன் மாறுகின்றான். ஆகவே இவ்வேட்கை ஒரு நாட்டுக்கு மட்டும் உரியதன்று.

தமிழில் இதற்கு ஊடல் என்னும் பெயர் முன்பே உண்டு. திருக்குறள் ஊடலுவகை என்னும் அதிகாரத்தோடு நிறைவுறுகிறது. ஊடலிற் பணிந்தவரே வென்றவர் என்னும் கருத்தும் அங்கு உண்டு. மாத நாவலின் இறுதி இயல் இவ்வூடல் தீர்தலின் வழிவந்ததே.

கணக்கின் குறை

இதுகாறும் கவர்ச்சியின் இயல்பைக் கண்டோம். இனி அதன் குறையையும் கூறுதல் நம் கடன்.

முதலாவது, தலைவன் ஒப்புவிக்கும் கணக்கு நெஞ்சின் கணக்கே, பொருளின் கணக்கன்று. அவள் வீட்டை மீட்ட பணமும், தம்பியைப் படிக்க வைத்த பணமும் அவன் கையினின்று வருகின்றன. இனியும் அவன் கையினின்றே வரும். அவன் மனம் மாறுகிறது. வீட்டின் அமைப்பு மாறவில்லை.

இரண்டாவது குறை இதனினும் பெரிது. இறுதி விளக்கம் பழைய கொடுமையைப் பின்னோக்கி நியாயப்படுத்துகிறது. அவன் கடுஞ்சொல் கூறியது அன்பின் மிகுதியால் என்று ஆகிவிடுகிறது. கடுஞ்சொல்லுக்குள் அன்பைத் தேடுமாறு படிப்போர் பயிற்றப்படுகின்றனர். கதையில் அஃது எப்போதும் கிடைக்கும். வாழ்க்கையில் அவ்வுறுதி இல்லை.

மூன்றாவது, கணக்கைக் கேட்ட தலைவிக்கு அதனை ஏற்பதன்றி வேறு வழியில்லை. சங்க மருதத்தில் நிலை வேறு. தலைவன் பாணனையும் பிறரையும் வாயிலாக விடுப்பான். தலைவி வாயில் மறுப்பாள். வாயில் மறுத்தல் ஒரு துறையாகவே வகுக்கப்பட்டது. மறுப்போடு நின்றுவிடும் பாடல்களும் உள. அப்பாடலில் கதவு திறப்பதில்லை; அதனால் அது குறையுடைய பாடல் என்று எவரும் கருதியதில்லை. மாத நாவலோ வாயில் மறுத்தலை நூறு பக்கம் வளர்த்து, முடிவில் கதவைத் திறந்தே தீர்கிறது. ஊடும் உரிமையைத் தலைவிக்குத் தந்து, மறுக்கும் உரிமையைத் தாராது விடுகிறது.

காஞ்சியில் முடிந்த கதை

காதற்கதைக்கு வேறொரு முடிவும் உண்டு என்பதற்குச் சான்று தேடி நாம் நெடுந்தொலைவு செல்ல வேண்டுவதில்லை. மணிமேகலையின் கதை இக்காஞ்சியில் முடிகிறது. அவளை விரும்பிய உதயகுமரன் அரசன் மகன். இன்றைய மாத நாவலுக்கு ஏற்ற தலைவன். அவளும் கல் நெஞ்சினள் அல்லள். தன் நெஞ்சம் அவன்பாற் சென்றதைச் சுதமதியிடம் மறையாது கூறுகின்றாள். அரச குமரனும் கணிகை குலத்துப் பெண்ணும் எதிர்ப்பட்ட இக்கதையைச் சாத்தனார் மணத்தில் முடித்திருக்கலாம். அவர் அங்ஙனம் செய்யவில்லை. உதயகுமரன் காஞ்சனன் வாளால் மடிகின்றான். மணிமேகலை வஞ்சிக்குச் சென்று, பின் பசியால் வாடிய காஞ்சிக்கு வந்து, அமுதசுரபியால் மக்களுக்கு உணவூட்டுகின்றாள். அறவண அடிகளிடம் அறம் கேட்டு நோன்பு மேற்கொள்கின்றாள்.

மாத நாவல் மணிமேகலை ஆகவேண்டும் என்று நாம் கூற வரவில்லை. துறவு எல்லார்க்கும் உரிய முடிவும் அன்று. ஆயினும், மறுக்கவும் கூடிய ஒருத்தி ஏற்றுக்கொள்ளும்போதே அவ்வேற்புக்குப் பொருள் உண்டு. இதனை உணர்ந்து எழுதும் ஆசிரியர், மரபின் அச்சை உடைக்காமலே அதற்குள் உயரிய கதை ஒன்றைப் படைத்தல் இயலும். பழங்கரையில் புதுக்கையின் திறத்தைக் காட்டுதல் போன்றது அது.

பட்டு இழைக்கும் அப்பெண்மணியிடம் பின்னொரு நாள், ‘அவன் இறங்கி வந்தும் அவள் வேண்டா என்று சொல்லிவிட்டால் அக்கதையைப் படிப்பீர்களா?’ என்று கேட்டோம். இராட்டினத்தை நிறுத்தாமலே சிறிது எண்ணி, “அவ ஏன் வேணாங்கிறான்னு சொல்லியிருந்தா படிப்பேன் சார்” என்றார்.

அவர் வேண்டுவது காரணம். தலைவனிடம் வேண்டிய அதே காரணத்தைத் தலைவியிடமும் ஆசிரியரிடமும் அவர் வேண்டுகின்றார். இவ்விடையில் தேர்ந்த திறனாய்வாளர் ஒருவரின் அளவுகோலைக் கண்டோம். மாத நாவலைப் படிப்போரை நகைத்து ஒதுக்காது, அவர் எதனைத் தேடுகின்றனர் என வினவும் ஆய்வுகள் தமிழ்த்துறைகளில் இனியேனும் எழுதல் வேண்டும். காரணம் கூறாது ஒதுக்கிய நாம், கணக்கு ஒப்புவிக்க வேண்டிய இடத்தில் இருக்கின்றோம்.