பூஜ்ஜியம் சீவும் கை

நூலகப் பட்டியலில் 035 என்றொரு புலம் உண்டு. வாசகர் கண்ணில் அது படுவதே இல்லை. ஒரு புத்தகப் பதிவுக்கு வெளி அமைப்புகள் கொடுத்த கட்டுப்பாட்டு எண்கள் குடியிருக்கும் இடம் அது. அந்த எண்களை ஆயிரக்கணக்கில் ஒரே வீச்சில் துப்புரவாக்கும் நண்பர் ஒருவரின் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். நல்ல கச்சேரி கேட்டது போலிருந்தது.

அழுக்கு எப்படிச் சேர்கிறது? அமெரிக்காவின் ஓசிஎல்சி கூட்டுப் பட்டியலிலிருந்து இறங்கும் பதிவில் எண் 001-இல் இருக்கும். உள்ளூர் மென்பொருள் அங்கே தன் எண்ணைப் போட்டுக்கொண்டு, வந்ததை 035-க்குத் தள்ளிவிடும். ஒரு மென்பொருள் முன்னொட்டோடு தள்ளும், இன்னொன்று வெறும் எண்ணாக. நமக்கு இரண்டும் ஒன்றுதான். கணினிக்கு வேறு வேறு ஆள். அடுத்த முறை பதிவுகளை மொத்தமாக ஏற்றினால் ஒரே புத்தகம் இரண்டு முறை முளைக்கும்.

அந்த முன்னொட்டுகள் மேல் எனக்கு ஒரு பிரியம். எட்டு இலக்கம் வரை ஓ-சி-எம், ஒன்பதானதும் ஓ-சி-என், 2013-இல் எண்கள் 100 கோடியைத் தாண்டியபின் வெறும் ஓ-என். மர வளையம் மாதிரி, பார்த்தாலே வயது தெரியும். ஆனாலும் சீவத்தான் வேண்டும்.

நண்பரின் கருவி மார்க்எடிட். 1999-இல் ஓரிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில், பட்டியலைத் துப்புரவாக்கும் வேலைக்காகவே டெர்ரி ரீஸ் எழுதத் தொடங்கியது. பதிவை அது வரிவரியாகப் பிரித்துக் காட்டும். அதன்பின் எல்லாம் ஒரு தேடல் கோவையின் சாமர்த்தியம். ‘ஓ-என்’னை எங்கே கண்டாலும் நீக்கு என்று கட்டளையிட்டால் தீர்ந்தது: தலைப்புகளில் உள்ள லண்டன், ஆங்கில எழுத்து ஆறில் இரண்டே மிஞ்சி நிற்கும். நண்பர் அப்படி விடவில்லை. வரி 035-இல் தொடங்க வேண்டும், அடைப்புக்குறிக்குள் ஓசிஎல்சியின் குறியீடு வர வேண்டும், அதை ஒட்டியே முன்னொட்டு, அதன்பின் பூஜ்ஜியங்கள், அதன்பின் இலக்கங்கள். இத்தனை வாசலையும் தாண்டி வந்ததன் மேல்தான் கத்தி விழும். 00120300 என்பது 120300 ஆகும். தலையிலிருந்த இரண்டு பூஜ்ஜியம் போகும், நடுவிலும் கடைசியிலும் இருப்பவை அசையாது.

இதே கத்தியை 010-இல் வைக்கக் கூடாது. அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தின் கட்டுப்பாட்டு எண் அங்கே இருக்கிறது. 2001-க்கு முந்தைய அமைப்பில், முன்னெழுத்து இல்லாவிட்டால் எண்ணுக்கு முன்னால் மூன்று வெற்றிடம், பின்னால் ஒன்று. தாளத்தில் ஓசையெழாத வீச்சும் கணக்கில் சேர்வதில்லையா? இந்த வெற்றிடங்களும் அப்படித்தான். அவசரக்காரர்கள் இவற்றைக் குப்பையென்று பெருக்கிவிடுவார்கள்.

நான் மிகவும் ரசித்தது ரத்தான எண்களை நண்பர் நடத்திய விதம். இரண்டு பதிவுகள் ஒன்றாக இணைந்தால் ஓர் எண் செத்துப்போகும். அதை அவர் அழிப்பதில்லை. அதே 035-இல் இசட் என்ற உட்புலத்துக்கு நகர்த்திவிடுகிறார். பழைய எண்ணோடு நாளை ஒரு கோப்பு வந்து தேடினாலும் சரியான புத்தகத்தில்தான் போய் நிற்கும்.

கடைசியில் அதே கட்டளையை இன்னொரு தரம் ஓடவிட்டார். ஏன் என்று கேட்டேன். திரையைக் காட்டினார். மாற்றங்கள்: 0.