அடிக்குறிப்பில் கிடந்த தீர்ப்பு

உச்ச நீதிமன்றம் ஒரு சட்டப்பிரிவைச் செல்லாது என்று அறிவித்த பிறகும் அதன் கீழ் வழக்குப் போட முடியுமா? முடியாது என்றுதான் சட்டம் படித்த எவரும் சொல்வார்கள். தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவின் கதை வேறு. 2015 மார்ச் 24 அன்று, ஸ்ரேயா சிங்கால் வழக்கில், நீதிபதிகள் செலமேஸ்வர், ரோஹின்டன் நரிமன் அமர்வு அந்தப் பிரிவை அடியோடு ரத்து செய்தது. 2021 மார்ச் நிலவரப்படி, 11 மாநிலங்களின் மாவட்ட நீதிமன்றங்களில் அதே பிரிவின் கீழ் 745 வழக்குகள் நிலுவையில் இருந்தன. தீர்ப்புக்குப் பின் அந்த மாநிலங்களில் புதிதாகப் போடப்பட்டவை 1,307.

தீர்ப்பில் குறை இருந்ததா என்று முதலில் பார்க்க வேண்டும். 2008 திருத்தத்தில் நுழைந்த அந்தப் பிரிவு, இணையத்தில் ஒருவர் எழுதியது இன்னொருவருக்கு எரிச்சலூட்டினாலே மூன்றாண்டு வரை சிறைக்கு அனுப்ப வழி செய்தது. 2012 நவம்பரில் பால் தாக்கரே மறைவையொட்டி மும்பை முடங்கியதைக் கேள்வி கேட்டு ஃபேஸ்புக்கில் எழுதிய பால்கர் பெண்ணும், அதற்கு ‘லைக்’ போட்ட அவருடைய தோழியும் கைதானார்கள். முந்தைய மாதம்தான், மத்திய அமைச்சரின் மகனைப் பற்றி ட்விட்டரில் எழுதிய புதுச்சேரிக்காரர் ஒருவர் கைதாகியிருந்தார். ஒரு கருத்தை விவாதிப்பதும் அதற்காக வாதாடுவதும் உரிமை, அது தூண்டுதல் என்ற அளவை எட்டும்போதுதான் அரசு தலையிடலாம் என்று நீதிமன்றம் கோடு கிழித்தது. எது குற்றம் என்று எழுதுகிறவருக்கும் தெரியாது, கைது செய்கிறவருக்கும் தெரியாது என்பதுதான் அந்தப் பிரிவின் அடிப்படைக் கோளாறு என்பதையும் காட்டியது. இணையத்தளங்களை முடக்கும் 69ஏ பிரிவை அதே தீர்ப்பு காப்பாற்றியதில் எனக்கு உடன்பாடில்லை. ஆனால் 66ஏ விஷயத்தில் தீர்ப்பு துல்லியமானது. இருவிதமாகப் பொருள் கொள்ள அதில் இடமே இல்லை.

அப்படியானால் கோளாறு எங்கே? 2021 ஜூலையில் மக்கள் சிவில் உரிமைக் கழகம் (பியுசிஎல்) தொடுத்த மனு விசாரணைக்கு வந்தபோது, அட்டர்னி ஜெனரல் வேணுகோபால் ஒரு விளக்கம் தந்தார். சட்டப் புத்தகத்தில் பிரிவு முழுசாக அச்சாகியிருக்கிறது, ரத்தானது அடிக்குறிப்பில்தான் இருக்கிறது, காவல் அதிகாரி அடிக்குறிப்பைப் பார்ப்பதில்லை என்றார். இதில் உண்மை இருக்கிறது. புகாரோடு ஒருவர் வந்து நிற்கும்போது ஸ்டேஷன் ரைட்டர் புரட்டுவது பிரிவின் வாசகத்தைத்தான். பொடி எழுத்தில் பக்கத்தின் அடியில் இருப்பது அவர் கண்ணில் படாமல் போகலாம்.

ஆனால் இந்த விளக்கம் பாதி தூரம்தான் வருகிறது. எஃப்.ஐ.ஆர். காவல் நிலையத்தோடு நின்றுவிடுவதில்லை. குற்றப்பத்திரிகை மாஜிஸ்திரேட்டின் மேசைக்கு வருகிறது. அவர் படித்துப் பார்த்துக் கோப்பில் ஏற்றால்தான் அது வழக்கு, பிறகுதான் சம்மன், பிறகுதான் வாய்தா. உச்ச நீதிமன்றம் வகுத்த சட்டம் நாட்டின் எல்லா நீதிமன்றங்களையும் கட்டுப்படுத்தும் என்கிறது அரசியல் சாசனத்தின் 141ஆவது கூறு. ஆகவே நிலுவையில் இருந்த அந்த 745ஐக் காவல்துறையின் கணக்கில் மட்டும் எழுதிவிட முடியாது. ஒவ்வொன்றையும் ஒரு நீதிமன்றம் தன் பட்டியலில் வைத்திருந்தது. இல்லாத குற்றத்துக்காக ஒருவர் வேலையை விட்டுவிட்டுக் கோர்ட் வராந்தாவில் பெயர் கூப்பிடக் காத்திருந்திருக்கிறார். காவலரின் அறியாமையை மன்னிக்கலாம், மாஜிஸ்திரேட்டின் அறியாமையை எப்படி மன்னிப்பது?

தீர்ப்பின் நகலை எல்லா மாவட்ட நீதிமன்றங்களுக்கும் அனுப்பும்படி 2019 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றமே உத்தரவிட்டிருந்தது. அதற்குப் பிறகும் நிலைமை மாறாததால்தான் 2022 அக்டோபரில் தலைமை நீதிபதி யு.யு.லலித் அமர்வு மறுபடி பேச வேண்டி வந்தது. 66ஏ பிரிவில் யாரையும் விசாரிக்கக் கூடாது, நடக்கும் வழக்குகளிலிருந்து அந்தப் பிரிவை எடுத்துவிட வேண்டும், சட்டத்தை அச்சிடும் எவரும் அது செல்லாது என்பதை வாசகருக்குப் போதிய அளவு தெரிவிக்க வேண்டும் என்றது. ஏழரை ஆண்டு கழித்து வந்த நல்ல உத்தரவு.

ரத்தான பிரிவின் வாசகத்தை உடனே நீக்காமல் வைத்திருப்பதற்கும் ஒரு நியாயம் சொல்லப்படுகிறது. நீதிமன்றம் தன் முடிவை மாற்றிக்கொள்ளலாம். ஒருபாலுறவைக் குற்றமாக்கிய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 377ஆவது பிரிவை 2009இல் டெல்லி உயர் நீதிமன்றம் சுருக்கியது, 2013இல் உச்ச நீதிமன்றம் அதை மீட்டது, 2018இல் மறுபடி சுருக்கியது. வாசகம் புத்தகத்தில் இருந்ததால்தான் நாடாளுமன்றத்தின் கை படாமல் இதெல்லாம் நடந்தது. மேல்முறையீடு மீதமிருக்கும் உயர் நீதிமன்றத் தீர்ப்புகளுக்கு இந்த வாதம் பொருந்தும். உச்ச நீதிமன்றமே முழுசாக ரத்து செய்த பிரிவுக்குப் பொருந்தாது. வாசகத்தை வைத்திருந்ததன் விலையைக் கொடுத்தவர்கள் வழக்கில் மாட்டிக்கொண்டவர்கள்.

ஜெர்மனியில் அரசியல் சாசன நீதிமன்றம் ஒரு சட்டத்தை ரத்து செய்தால், சட்டங்கள் வெளியாகும் அதே அரசிதழில் அந்த முடிவும் வெளியாக வேண்டும். அதற்குச் சட்டத்தின் வலுவும் உண்டு. நம்மிடம் அப்படிப்பட்ட கடமை இருந்திருந்தால் 66ஏ இத்தனை காலம் நடமாடியிருக்காது. கடைசியில் அதைப் புத்தகத்திலிருந்து எடுத்தது 2023இன் ஜன் விஸ்வாஸ் சட்டம். எட்டாண்டுகளுக்கு மேல் நாடாளுமன்றம் கைகட்டி நின்றது.

ஆகவே என் முடிவு இதுதான்: 66ஏ விஷயத்தில் தீர்ப்பு பிழையற்றது, அதைக் கீழே கொண்டுசேர்க்கும் வேலையை எவரும் தம் பொறுப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. குற்றத்தின் பெரும்பங்கு நாடாளுமன்றத்துக்கும், தன் கீழமை மன்றங்களைக் கண்காணிக்காத நீதித்துறைக்கும். காவல்துறை மூன்றாவதாகத்தான் வரும். உச்ச நீதிமன்றம் ஒரு தண்டனைப் பிரிவை ரத்து செய்த நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் அதைச் சட்டத்திலிருந்து நீக்கும் மசோதாவை அரசு கொண்டுவர வேண்டும். அதுவரை, அந்தப் பிரிவில் வரும் குற்றப்பத்திரிகையை ஏற்கும் மாஜிஸ்திரேட்டிடம் உயர் நீதிமன்றம் விளக்கம் கேட்க வேண்டும்.