சுவரில் தொங்கும் வாத்தியார்

புத்தகங்களைத் தவிர வேறெதற்கும் மதிப்புரை எழுதுவதில்லை என்று வெகுகாலமாக ஒரு விரதம் வைத்திருந்தேன். அதை இந்த மாதம் முறித்துக்கொள்கிறேன். மதிப்புரைக்கு வந்திருப்பது ஒரு யந்திரம். தபாலில் வரவில்லை, நான்தான் அது இருக்குமிடம் போனேன்.

காலிபோர்னியாவில் பிரீமான்ட் என்ற ஊரில் என் மூத்த அக்காவின் மகன் குடியிருக்கிறான். கணவரை இழந்த பிறகு அக்காவும் அவனோடுதான் இருக்கிறாள். சென்ற கோடையில் ஆறு வாரம் அவர்களோடு தங்கியிருந்தேன். போய்ச் சேர்ந்த மூன்றாம் நாள் இரவு, சாப்பாடு முடிந்ததும் மருமகன் ஒரு கேள்வி போட்டான்.

"மாமா, நீங்கதான் எல்லாத்தையும் விமரிசனம் பண்றவராச்சே. இந்தச் சுவத்துல இருக்கிறதை வச்சுக்கலாமா, விட்டுடலாமான்னு சொல்லுங்க."

விளையாட்டாகத்தான் கேட்டான். ஆனால் இரண்டு மாதத்துக்கு முன் அவனுக்கு வேலை போயிருந்தது. வீட்டில் ஒவ்வொரு செலவையும் காகிதத்தில் எழுதி, எதை வெட்டலாம் என்று பார்த்துக்கொண்டிருந்தான். அந்தக் காகிதத்தில் முதல் வரியே இந்த யந்திரம்தான்.

கூடத்துச் சுவரில் ஆளுயரத்துக்குக் கறுப்பாக ஒரு பலகை. அதில் கண்ணாடித் திரை. இரண்டு பக்கமும் மடக்கி நீட்டக்கூடிய இரும்புக் கைகள். ஒவ்வொரு கையின் நுனியிலும் ஒரு கயிறும் பிடியும். பிடியை இழுத்தால் கனக்கிறது. எவ்வளவு கனக்க வேண்டும் என்பதைத் திரையில் விரல் வைத்துச் சொல்லலாம். அதிசயம் என்னவென்றால், உள்ளே இரும்புக் கட்டி எதுவும் இல்லை. ஒரு மோட்டார் இருக்கிறது. மின்சாரத்தின் காந்த சக்தி கயிற்றைப் பிடித்து உள்ளே இழுக்கிறது. நாம் வெளியே இழுக்கிறோம். அந்த இழுபறிதான் எடை.

இந்த ஜாதி யந்திரங்களில் பெயர் பெற்றது 'டோனல்' என்பது. 2018-ல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தபோது அதன் விலை 2995 டாலர். அதற்கு மேல் மாதம் 49 டாலர் சந்தா. இரண்டு கைகளும் சேர்ந்து 200 ராத்தல் எடை கொடுக்கும். 2025-ல் வந்த இரண்டாம் பதிப்பு 250 ராத்தல் கொடுக்கும். என் மருமகன் வீட்டில் இருப்பது எந்தக் கம்பெனியுடையது என்பது நம்முடைய விசாரணைக்கு அவசியமில்லை. ஜாதி ஒன்றுதான்.

மருமகன் இதைத் தனக்காகத்தான் வாங்கினான். முதல் மாதம் தினமும் இழுத்தானாம். இரண்டாம் மாதம் வாரத்துக்கு ஒரு நாள். மூன்றாம் மாதத்திலிருந்து அந்த இரும்புக் கைகளில் அவனுடைய குளிர்ச்சட்டை தொங்கியது. இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. நம் வீடுகளில் வாங்கிய அகராதிகளின் கதியும் இதுதான்.

ஆனால் அக்கா அதைத் தொட்டாள். ஒரு நாள் குளியலறையில் வழுக்கி உட்கார்ந்துவிட்டாளாம். எலும்பு முறியவில்லை. ஆனால் எழுந்திருக்க முடியவில்லை. வீட்டில் யாரும் இல்லை. முக்கால் மணி நேரம் தரையிலேயே இருந்து, தொட்டி விளிம்பைப் பற்றிப் பற்றி எழுந்தாள். மகனிடம் அதைச் சொல்லவில்லை; என்னிடம்தான் சொன்னாள். மறுநாளே சட்டையை எடுத்து மடித்து வைத்துவிட்டுக் கயிற்றைப் பிடித்திருக்கிறாள்.

"கிணத்து ராட்டினந்தானேடா தம்பி, நமக்குத் தெரியாததா?" என்றாள்.

கும்பகோணத்துக்குப் பக்கத்தில் எங்கள் வீட்டுக் கொல்லைக் கிணற்றில், பதினாறு வயதில் அவள் ஒரு வேளைக்கு முப்பது குடம் இறைப்பாள். அந்தக் கை அறுபத்திரண்டு வயதில் முதல் நாள் பன்னிரண்டு ராத்தல்தான் இழுத்தது. ஏழு மாதம் கழித்து நான் பார்த்தபோது முப்பத்தொன்று. கையை ஊன்றாமல் தரையிலிருந்து எழுந்து காட்டினாள். ஒரு தரம் அல்ல, மூன்று தரம்.

இனி விமரிசனத்துக்கு வருவோம். முதலில் குணம்.

எடையைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றினால்தான் தசை வலுக்கும் என்பது பழைய விஷயம். இரண்டாம் உலகப் போரில் காயம்பட்ட சிப்பாய்களுக்கு வைத்தியம் செய்த டாக்டர் தாமஸ் டிலார்ம் 1945-ல் இதை முறைப்படுத்தி எழுதினார். சொல்லுவது சுலபம், செய்வதில்தான் சங்கடம். இரும்புக் குண்டுகளில் ஐந்து ராத்தலுக்கு அடுத்தது பெரும்பாலும் எட்டு அல்லது பத்து. கிழவிக்கு அந்தத் தாவல் மலையேற்றம். இந்த யந்திரமோ ஒரு ராத்தல் ஒரு ராத்தலாக ஏற்றுகிறது. நேற்று எத்தனை இழுத்தாய் என்பதை மறப்பதில்லை. சின்னக் குழந்தைக்குச் சோறூட்டும் தாயைப்போல, தெரியாமல் ஒரு வாய் கூட வைத்துவிடுகிறது.

இரண்டாவது, கை தளர்ந்தால் அதற்குத் தெரிகிறது. பாதியில் கயிறு நின்றுவிட்டால் எடையைத் தானாகக் குறைத்துக்கொள்கிறது. தேகப்பயிற்சிச் சாலையில் நல்ல வாத்தியார் பின்னால் நின்று இரண்டு விரலால் தாங்குவாரே, அந்த வேலை இது. தனியாக இருக்கும் ஒருத்திக்கு இதைவிடப் பெரிய உபகாரம் கிடையாது.

மூன்றாவது நுட்பமானது. ஒரு பாரத்தைத் தூக்கும்போது தாங்குவதைவிட, இறக்கும்போது தசை அதிகமாகத் தாங்கும். இரும்புக்கு இது தெரியாது. ஏறினாலும் இறங்கினாலும் அதற்கு ஒரே கனம். இந்த யந்திரத்தில் இறங்கும்போது மட்டும் எடையைக் கூட்ட முடியும். எங்கள் கிணற்றில் நேர் எதிர்: இறங்கும் வாளி காலி, ஏறும் வாளி கனம்.

வயதான பிறகு இதெல்லாம் எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. 1990-ல் பாஸ்டனில் மரியா ஃபியாடரோன் என்ற டாக்டரும் அவர் கூட்டாளிகளும் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். முதியோர் விடுதியில் தொண்ணூறு வயதை ஒட்டிய பத்துப் பேருக்குக் காலால் எடை தூக்கும் பயிற்சி கொடுத்தார்கள். எட்டு வாரம் முடிவில் அவர்களுடைய கால் பலம் சராசரி 174 சதவீதம் கூடியிருந்தது. வாரத்துக்கு இரண்டு நாளாவது தசைக்குப் பயிற்சி வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனமும் 2020-ல் சொல்லியிருக்கிறது. இதில் கட்டாயம் வேண்டியது எடைதான், திரை அல்ல.

குற்றங்களுக்கு வருவோம். இந்த வாத்தியாருக்குக் கயிறு தெரியும், ஆள் தெரியாது. அக்கா ஒரு நாள் முதுகை வளைத்து இழுத்தாள். கயிறு சரியான தூரம் வந்ததால் திரையில் பாராட்டு வந்தது. பக்கத்தில் நின்ற எனக்குத்தான் பகீர் என்றது. திரைக்குள் பாடம் நடத்தும் பெண் எப்போதோ பேசிப் பதிந்துவிட்டுப் போனவள். அவள் இங்கிலீஷ் அக்காவுக்குப் பாதி புரியாது. "நல்லாப் பண்றேன்னு சொல்றா, அது மட்டும் புரியுது" என்பாள். சுவர் உறுதியாக இருக்க வேண்டும். முன்னால் நல்ல இடம் வேண்டும். வாடகை வீட்டுக்காரன் சுவரில் துளை போட அனுமதி கேட்க வேண்டும். மின்சாரம் நின்றால் எடையும் நின்றுவிடும். இளவட்டக்கல்லுக்கு இந்தக் கவலைகள் கிடையா.

இவற்றையெல்லாம் மன்னித்துவிடலாம். என்னால் மன்னிக்க முடியாத குற்றம் வேறு.

நம் ஊரில் கையில்லாத பனியனைச் சாண்டோ பனியன் என்கிறோம். யூஜின் சாண்டோ என்ற பயில்வானின் பெயர் அது. 1904, 1905-ல் அவர் இந்தியாவுக்கு வந்து வித்தை காட்டியிருக்கிறார். வித்தையோடு நிற்கவில்லை, வியாபாரமும் செய்தார். வில் வைத்த கைப்பிடிக் குண்டு, ரப்பர் கயிறு, பயிற்சிமுறை என்று விற்றார். ஆகவே வீட்டுக்குப் பலத்தை அனுப்பி வைக்கும் வியாபாரம் நூறு வருஷத்துக்கும் பழையது. ஆனால் சாண்டோவிடம் வாங்கியவனுக்கு, வாங்கியது வாங்கியதுதான். சாண்டோ 1925-ல் காலமானார். அவர் போய்விட்டார் என்று ரப்பர் கயிறு இழுக்க மறுக்கவில்லை.

இந்தக் காலத்து யந்திரம் அப்படி இல்லை. அக்கா வீட்டு யந்திரத்தில், சந்தாவை நிறுத்தினால் பாடம் நின்றுவிடும். எடையைத் தானாக ஏற்றிக் கொடுப்பது நின்றுவிடும். ஏழு மாதக் கணக்கும் பூட்டிக்கொள்ளும். வெறும் கயிறும் கனமும் மிஞ்சும். கம்பெனியே கடையைக் கட்டினால் என்ன ஆகும் என்பது அடுத்த கேள்வி. 'மிரர்' என்று சுவர்க் கண்ணாடி ஒன்று இதே துறையில் வந்தது. லுலுலெமன் என்ற துணிக் கம்பெனி 2020-ல் அந்த நிறுவனத்தை 50 கோடி டாலருக்கு வாங்கியது. 2023-ல் கண்ணாடி விற்பதையே நிறுத்திவிட்டது. மூன்று வருஷம்! ஒரு நல்ல ஆட்டுக்கல் மூன்று தலைமுறைக்கு வரும்.

ஆகையால் இதைச் சாமான் என்று நினைத்து வாங்குகிறவர்கள் ஏமாறுவார்கள். இது சம்பளம் வாங்கும் வாத்தியார். சம்பளம் கொடுக்கும் வரையில் வருவார். என்றாவது ஒரு நாள் சொல்லாமலும் நின்றுவிடலாம். ஏற்கெனவே எடை தூக்கிப் பழகியவர்களுக்கு இது வீண். அவர்களுக்கு நாலு இரும்புக் குண்டு போதும், காசும் மிச்சம். ஒன்றும் தெரியாத, பக்கத்தில் ஆளில்லாத, கீழே விழ அஞ்சுகிற ஒருவருக்கு மட்டும் இது கொடுத்த பணத்துக்குத் தகும். அதுவும் வாத்தியார் இருக்கும்போதே பாடத்தைத் தமதாக்கிக்கொண்டால்தான்.

இந்தத் தீர்ப்பை நான் சாப்பாட்டு மேஜையில் வாசித்தேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். மருமகன் முடிவதற்குள் குறுக்கிட்டான்.

"அப்ப விட்டுடலாங்கறீங்க. மாசம் அறுபது டாலர் மாமா."

"விட்டுடுப்பா. எனக்கெதுக்கு அதெல்லாம்? வாசல்ல நாலு நடை நடந்தாப் போறும்" என்றாள் அக்கா, உடனே. அந்த அவசரம்தான் என்னைச் சுட்டது. நம் வீடுகளில் அம்மாக்கள் இந்த வாக்கியத்தை ஒரு ஆயுள் முழுவதும் ஒத்திகை பார்த்து வைத்திருக்கிறார்கள். பாலா, பழமா, மூக்குக் கண்ணாடியா, எதைக் குறைப்பது என்ற பேச்சு எழும் முன்பே பதில் தயார்.

நான் மருமகனின் காகிதத்தை வாங்கிப் பார்த்தேன். சினிமா பார்க்க மூன்று சந்தா, பாட்டுக் கேட்க ஒன்று, வாசலில் சாமான் கொண்டுவந்து போட ஒன்று. அவையெல்லாம் காகிதத்தின் கடைசியில், கோடு விழாமல் பத்திரமாக இருந்தன. கோடு விழுந்திருந்தது முதல் வரியில் மட்டும்.

"உங்கம்மா குளியலறையில விழுந்தது உனக்குத் தெரியுமா?" என்று கேட்டேன்.

அக்கா என்னை ஒரு பார்வை பார்த்தாள். ரகசியத்தை உடைத்த குற்றத்தை இன்றுவரை அவள் மன்னிக்கவில்லை. மருமகன் ஒன்றும் பேசவில்லை. காகிதத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு எழுந்து போனான். மறுநாள் காலை ஆறு மணிக்கு விழித்தபோது கூடத்தில் பேச்சுக் குரல் கேட்டது. எட்டிப் பார்த்தேன். அக்கா கயிற்றை இழுத்துக்கொண்டிருந்தாள். அவன் பின்னால் நின்று, "முதுகை நிமித்தும்மா, முதுகை நிமித்து" என்று சொல்லிக்கொண்டிருந்தான்.

ஊர் திரும்புமுன் அவளுக்கு ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கிக் கொடுத்தேன். எந்தப் பயிற்சி, எத்தனை ராத்தல், எத்தனை தரம் என்று தினமும் தமிழில் எழுதி வரச் சொன்னேன். நாளைக்கே யந்திரம் வாயை மூடிக்கொண்டாலும், எங்கே விட்டோம் என்பது தெரிய வேண்டும் அல்லவா? கூடவே இரண்டு ஜோடி இரும்புக் குண்டுகள் வாங்கி வைக்கும்படி மருமகனிடம் சொல்லிவிட்டு வந்தேன்.

சென்ற வாரம் தொலைபேசியில் அக்கா பேசினாள். மருமகனுக்கு வேறு வேலை கிடைத்துவிட்டது என்றாள். வடுமாங்காய் அனுப்ப முடியுமா என்று விசாரித்தாள். வைக்கப் போகும் சமயத்தில்தான் ஞாபகம் வந்ததுபோல, "முப்பத்தாறுடா தம்பி" என்றாள்.