ஏரிக்கரையில் நின்றுவிடும் வீடு

மோட்டார்ஹோமை வாடகைக்கு எடுத்துக் காடு பார்க்கப் போவது ஈப்போ பக்கத்துக் குடும்பங்களுக்கும் வந்துவிட்ட ஆசை. ஜெலாப்பாங்கிலிருந்து புறப்படுவோருக்கு முதலில் நினைவுக்கு வருவது ராயல் பெலும். கோலகங்சார், லெங்கோங், கிரிக் கடந்து பண்டிங் படகுத்துறை வரை ஏறத்தாழ மூன்று மணி நேரம். 2007இல் மாநிலப் பூங்காவாக அரசிதழில் ஏறிய இந்தக் காட்டின் பரப்பு 117,500 ஹெக்டேர்.

வண்டிக்குரிய நியாயத்தைச் சொல்லிவிட வேண்டும். தாத்தா பாட்டி முதல் கைக்குழந்தை வரை ஒன்றாகக் கிளம்பும் நம் வீடுகளுக்கு அது வாகாகவே இருக்கிறது. முட்டி வலிக்காரர் காலை நீட்டிப் படுக்கலாம். சைவக்காரர் தம் அடுப்பில் ரசம் வைத்துக்கொள்ளலாம். 2012இல் உலக மரபுச் சின்னமான லெங்கோங் பள்ளத்தாக்கில் அவசரமில்லாமல் இறங்கிப் பார்க்கலாம். பயணமே பாதி இன்பம் என்பவர்களுக்குக் கொடுத்த வாடகை வீணில்லை.

ஆனால் விளம்பரம் விற்பது அதையல்ல, 'காட்டுக்குள் வீடு' என்ற கனவை. பெலுமுக்குள் கார் போகச் சாலையே கிடையாது. முன்கூட்டி அனுமதி வாங்கி, பண்டிங் படகுத்துறையிலிருந்து தெமெங்கோர் ஏரியில் படகேற வேண்டும். இரண்டு இரவு படகு வீட்டில் தங்கினால், அந்த இரண்டு நாளும் வண்டி கரையில் பூட்டிக் கிடக்கும். வாடகை மட்டும் ஓடும். தேசியப் பூங்காவின் வாசலான பகாங்கின் கோலா தஹானிலும் தெம்பெலிங் ஆறு குறுக்கே நின்று இதையே செய்கிறது. பணம் கொடுத்தவருக்கு எரிச்சல்தான். எனக்கோ இது பெரும் பேறாகப் படுகிறது: அமெரிக்காவின் யோசெமிட்டி பள்ளத்தாக்குக்குள் சாலை போட்டுவிட்டு, கோடை நெரிசலோடு மல்லுக்கட்டுகிறார்கள். இங்கே வண்டிகளைத் தடுக்கும் வேலையைத் தண்ணீரே பார்த்துக்கொள்கிறது.

வண்டியின் கழிவுத் தொட்டியை எங்கே காலி செய்வீர்கள் என்று கேட்டுப் பாருங்கள். பதில் மழுப்பலாகத்தான் வரும். திரும்பும்போது மெனோரா சுரங்கத்தைத் தாண்டியதும் வரும் இறக்கமும் விளையாட்டல்ல. பிரேக் பிடிக்காத லாரிகள் பழைய ஜெலாப்பாங் டோல் சாவடியில் மோதிய கதைகளை இங்குள்ளவர்கள் மறக்கவில்லை. சாவடி போய்விட்டது, சரிவு போகவில்லை. கார் மட்டுமே ஓட்டிப் பழகியவர் பாரம் ஏற்றிய வண்டியைத் தாழ்ந்த கியரில் இறக்கக் கற்றுக்கொண்டு கிளம்புவது நல்லது.

எல்லாவற்றிலும் பெரிய குறை பூங்காவுக்கு வெளியே, கிரிக்கிலிருந்து பண்டிங் போகும் கிழக்கு-மேற்கு நெடுஞ்சாலையில் இருக்கிறது. 1982இல் திறந்த அந்தச் சாலை பெலுமையும் தெமெங்கோர் காட்டையும் இரண்டாகப் பிளக்கிறது. யானைகள் அதைக் கடந்தாக வேண்டும். 2025 மே 11, அன்னையர் தினத்தன்று அங்கே லாரி மோதி ஒரு குட்டி யானை இறந்தது. லாரிக்கு அடியில் கிடந்த குட்டியை மீட்கத் தாய் தலையால் முட்டிக்கொண்டு நின்றதை நாடே பார்த்தது. அதே சாலையோரத்தில் இரவு வண்டியை நிறுத்தி, விளக்கெரித்துச் சமைப்பதைச் சுதந்திரம் என்று சொல்ல எனக்கு நா எழவில்லை.

இந்தியாவின் பண்டிப்பூர்க் காட்டுச் சாலைகளில் விலங்குகளுக்காக 2009 முதல் இரவு 9 மணியிலிருந்து காலை 6 மணி வரை போக்குவரத்துக்குத் தடை இருக்கிறது. கிளந்தானுக்குச் சரக்கு போகும் கிழக்கு-மேற்கு நெடுஞ்சாலையில் அப்படியே அதைக் கொண்டுவருவது கடினம். உல்லாசமாகப் போகிறவருக்கு அந்த அவசரமெல்லாம் இல்லை. அவர் இருட்டுவதற்குள் கிரிக்கிலேயே தங்கி, விடிந்தபின் பண்டிங் போகலாம்.